புளூ ஜாகரிலிருந்து பங்குச் சீட்டு வரை: வைரத் தேடலைப் படிப்படியாகப் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பசாரில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு நகைக்கடை இருக்கிறது. வைரத் தோடு பார்க்க வரும் வயதான அம்மாக்கள் கல்லைக் கையில் வாங்கியதும் முதலில் கேட்பது, "ஏம்மா, இது புளூ ஜாகர்தானே?" என்பதுதான். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அம்மா சொன்னார், அம்மாவுக்கு அவர் அம்மா சொன்னார், அவ்வளவுதான்.

ஜாகர் என்பது ஓர் ஊர்ப் பெயரின் முதல் பாதி. தென்னாப்பிரிக்காவில் யாகர்ஸ்ஃபோன்டெய்ன் (Jagersfontein) என்ற சுரங்கம் இருந்தது. அங்கே கிடைத்த வெள்ளைக் கற்களில் லேசாக நீலம் ஓடும். வணிகர்கள் அவற்றை ஊர்ப் பெயராலேயே அழைத்தார்கள். சுரங்கம் 1971-இல் மூடப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் தமிழர் நகைக்கடைகளில் இன்றைக்கும் புழங்குகிறது.

அந்தச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1870-இல் அந்தப் பண்ணையின் மேற்பார்வையாளர் டி கிளர்க் என்பவர், வறண்ட ஓடைப் படுகையில் சிவப்பு நிறச் சிறு கற்கள் சிதறிக் கிடப்பதைப் பார்த்தார். அவை கார்னெட், அதாவது நம் கோமேதகத்தின் இனம். வைரம் தோண்டும் இடங்களில் இந்தக் கல்லும் கூடவே கிடக்கும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். சாதாரணச் சல்லடையை எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்கினார். ஆறடி ஆழத்தில் 50 கேரட் வைரம் ஒன்று கிடைத்தது.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, வைரத் தேடல் முழுவதும் அந்த மணியோசையைக் கேட்கும் வேலைதான். நான் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் படித்து முடித்ததும் அங்கே ஒரு கனிம ஆய்வகத்தில் 4 ஆண்டுகள் வேலை பார்த்தேன். நாள் முழுக்க நுண்ணோக்கியில் மணல் பார்த்து, அதிலிருந்து இந்த மாதிரிக் கற்களைப் பொறுக்கி எடுப்பதுதான் என் பணி. அப்புறம் கடையைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பினேன்.

இந்த வழிகாட்டியை எழுத இன்னொரு காரணமும் உண்டு. என் சித்தப்பா, "ஆப்பிரிக்காவில் வைரம் கிடைத்துவிட்டது, பங்கு வாங்குங்கள்" என்ற பேச்சை நம்பி 20,000 மலேசிய வெள்ளியை இழந்தார். அவரிடம் சொன்னது பொய் இல்லை. வைரம் கிடைத்தது உண்மைதான். ஆனால் வைரத் தேடலில் "கிடைத்தது" என்ற சொல்லுக்கு ஏழெட்டு அர்த்தம் உண்டு. எந்தப் படியில் நின்றுகொண்டு அதைச் சொல்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அதன் மதிப்பு தெரியும். நகைக்கடையில் வேலை செய்பவர்கள், நிலவியல் படிக்க நினைக்கும் பிள்ளைகள், கையில் கொஞ்சம் சேமிப்பு வைத்திருக்கும் பெரியவர்கள் எல்லாருக்கும் இது பயன்படும்.

தேடும் முன்: வைரம் எப்படி மேலே வருகிறது

வைரம் உருவாவது பூமிக்கு அடியில் சுமார் 150 கிலோமீட்டருக்கும் கீழே. நம் காதில் இருக்கும் கல்லுக்கு வயது பெரும்பாலும் நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல். சிலவற்றுக்கு முந்நூறு கோடியைத் தாண்டும். அவ்வளவு ஆழத்துக்கு எந்த மனிதனும் தோண்ட முடியாது. கிம்பர்லைட் என்ற ஒருவகை எரிமலைக் குழம்புதான் வைரத்தை மேலே சுமந்து வருகிறது. வேகமாகக் கிளம்பி, வழியில் இருக்கும் பாறைகளைப் பிய்த்துக்கொண்டு, தரையைத் துளைத்து வெடிக்கும். பிறகு ஆறி, புனல் வடிவத்தில் ஒரு பாறைக் குழாயாக உறைந்துவிடும். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரத்தின் பெயரால் வந்த சொல் இது.

கிம்பர்லைட் வைரத்தை உருவாக்குவதில்லை. அது வண்டி மட்டும். வண்டி காலியாகவும் வரலாம், பெரும்பாலும் காலியாகத்தான் வருகிறது. உலகில் இதுவரை கண்டறிந்த கிம்பர்லைட்டுகள் சுமார் 7,000 என்று துறையில் சொல்வார்கள். அவற்றில் வைரம் இருப்பவை ஆயிரம் போல. இலாபமாகத் தோண்டத் தகுந்தவை அறுபது போல. இந்த மூன்று எண்ணையும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் படி: எந்த நாட்டில், எந்த நிலத்தில் தேடுவது

இங்கே ஒரு பழைய விதி உதவுகிறது. கிளிஃபர்ட் என்ற நிலவியலாளர் 1966-இல் எழுதியது: வைரம் சுமந்த கிம்பர்லைட்டுகள் கண்டங்களின் மிகப் பழைய, நிலையான மையப் பகுதிகளில்தான் இருக்கும். அந்தப் பகுதிகளைக் கிராட்டான் என்பார்கள். அடியில் தடித்த, ஒப்பிட்டால் குளிர்ந்த வேர் இருப்பதால் அங்கே வைரம் கோடிக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் தங்கும். தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, சைபீரியா, வட கனடா, இந்தியாவின் தக்காணம் எல்லாம் இந்த வகை. ஆந்திராவில் வஜ்ரகரூர் பக்கம் மழை பெய்து ஓய்ந்ததும் மக்கள் குடும்பத்தோடு வயலில் இறங்கி வைரம் தேடுவதற்குக் காரணமும் இதுதான். அந்த மண்ணுக்குக் கீழே கிம்பர்லைட் குழாய்கள் இருக்கின்றன.

விதிக்கு விலக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் கிராட்டானின் நடுவில் இல்லை, அதன் ஓரத்தில் இருக்கிறது. பாறையும் கிம்பர்லைட் இல்லை, லேம்ப்ராய்ட் என்ற வேறு வகை. விதியை மட்டும் பிடித்துக்கொண்டு இருந்திருந்தால் உலகின் இளஞ்சிவப்பு வைரங்களில் பெரும்பாலானவை மண்ணுக்குள்ளேயே கிடந்திருக்கும்.

சரி, நம் மலேசியாவில் வைரம் கிடைக்குமா? கடையில் இதைக் கேட்காத பள்ளிப் பிள்ளை இல்லை. தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பு கருங்கல், அதாவது ஈயம் (வெள்ளீயம்) தந்த பாறை. வயதில் இளையது. அடியில் கிராட்டான் இல்லை. ஆனால் அக்கம்பக்கத்தில் விசித்திரங்கள் உண்டு. பூக்கெட் தீவைச் சுற்றிக் கடலில் ஈயம் வாரிய கப்பல்களில் அவ்வப்போது வைரமும் சிக்கியது. தென் காலிமந்தானில் மார்த்தாபுராவுக்குப் பக்கத்தில் செம்பாக்கா என்ற இடத்தில் இன்றும் மக்கள் குழி தோண்டி வைரம் அலசுகிறார்கள். 1965-இல் அங்கே கிடைத்த 166.75 கேரட் கல்லுக்குத் திரிசக்தி என்று பெயர் வைத்தார்கள். மலாய்க்காரர்கள் பட்டை தீட்டாத கல்லை இந்தான் என்றும், தீட்டியதை பெர்லியான் என்றும் பிரித்துச் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். வைரம் விளையும் தீவின் பக்கத்தில் இருக்கும் மொழிக்குத்தான் அப்படி இரண்டு சொல் தேவைப்படும் என்பது என் எண்ணம்.

காலிமந்தானில் ஆற்று மணலில் வைரம் இருக்கிறது, ஆனால் அது கிளம்பி வந்த தாய்ப்பாறை இன்னும் அகப்படவில்லை. பூக்கெட்டிலும் அதே கதை. மிகப் பழைய காலத்தில், நம் பகுதி தென்பெருங்கண்டத்தோடு ஒட்டியிருந்தபோது, பனியாறுகள் சுமந்துவந்து கொட்டிய கூழாங்கல் சேற்றோடு வைரமும் வந்திருக்கலாம் என்று பல நிலவியலாளர்கள் கருதுகிறார்கள். அந்தச் சேற்றுப் பாறையின் உறவை நாம் லங்காவியிலேயே பார்க்கலாம், சிங்கா பாறைத் தொகுதி என்பது அதுதான். அடுத்த முறை லங்காவிக்குப் போனால் கரும் சேற்றுப் பாறைக்குள் தனியாகப் பதிந்திருக்கும் கற்களைத் தேடிப் பாருங்கள். மிதந்துவந்த பனிக்கட்டி உருகி, கீழே போட்டுவிட்டுப் போன கற்கள் அவை.

இரண்டாம் படி: உரிமம்

நிலத்தைத் தேர்ந்ததும் அந்த நாட்டு அரசிடம் தேடல் உரிமம் வாங்க வேண்டும். தேடல் உரிமம் வேறு, சுரங்க உரிமம் வேறு. முதலாவது பார்க்க மட்டும் அனுமதி. காலக்கெடு உண்டு, செலவு செய்தாக வேண்டும், பல நாடுகளில் புதுப்பிக்கும்போது நிலத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நிலத்தில் வாழும் மக்களோடு பேசி ஒப்பந்தம் செய்வதும் இங்கேதான் தொடங்குகிறது. கனடாவின் வடக்கில் பூர்வகுடி மக்களின் ஒப்புதல் இல்லாமல் எந்தச் சுரங்கமும் சுமுகமாக நடக்காது. ஒருவர் உரிமத்தின் நகலைக் காட்டினால் அதன் அர்த்தம், தேட அனுமதி வாங்கியிருக்கிறார் என்பது மட்டுமே.

மூன்றாம் படி: மணியோசையைக் கேட்பது

இதுதான் எனக்குத் தெரிந்த வேலை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அரிசி அரிக்கும்போது என்ன நடக்கிறது? பாத்திரத்தைத் தண்ணீரோடு ஆட்டி ஆட்டிச் சாய்த்தால் அரிசி போய்விடும், கல் அடியில் தங்கும். கல் கனமானது. கிந்தா பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். சின்ன வயதில் கம்பாரில் என் மாமா வீட்டுக்குப் போகும்போது, ஈய லம்பத்துக்கு, அதாவது சுரங்கத்துக்கு, பக்கத்து ஓடையில் அகன்ற மூங்கில் தொப்பி போட்ட சீனப் பாட்டிகள் இடுப்பளவு தண்ணீரில் நின்று டூலாங்கைச் சுழற்றிக்கொண்டிருப்பார்கள். மரத்தட்டின் நடுவில் கறுப்பாக ஒரு கோடு தங்கும். அதில் ஈயக்கனிமம் இருக்கும், கூடவே அமாங் என்று நாம் சொல்லும் கன மணலும் இருக்கும்: இல்மனைட், ஸிர்கான், மோனசைட்.

வைரம் தேடுபவர்களும் அதே டூலாங் வேலையைத்தான் செய்கிறார்கள். சாதாரண மணலைவிட வைரம் கனமானது. மணலின் அடர்த்தி 2.65, வைரத்துக்கு 3.52. ஆனால் ஓடை மணலில் வைரத்தையே நேராகத் தேடினால் ஆயுள் போதாது. அவ்வளவு அரிது. அதனால் வைரத்தோடு அதே வண்டியில் ஏறி வந்த, ஆனால் எண்ணிக்கையில் பல்லாயிரம் மடங்கு அதிகமான துணைக் கனிமங்களைத் தேடுகிறார்கள். பைரோப் கார்னெட், குரோம் டயோப்சைட், மக்னீசியம் மிகுந்த இல்மனைட், குரோமைட். கிம்பர்லைட் வெயிலிலும் மழையிலும் சிதைந்ததும் இவை ஓடையில் இறங்கி, கீழ்நோக்கி ஒரு தடம் போடும். அந்தத் தடத்தை எதிர்த்திசையில் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும்.

ஆய்வகத்துக்கு வரும்போது அது ஒரு சின்ன நெகிழிப்பையில் இரண்டு கரண்டிக் கறுப்பு மணல். கண்ணாடித் தட்டில் ஒரு சிட்டிகை பரப்பி, நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, நுனி மெல்லிய தூரிகையால் வரிசை வரிசையாகத் தள்ளிப் பார்ப்பேன். பெரும்பாலான தட்டுகளில் ஒன்றும் இருக்காது. சாதாரணக் கார்னெட் இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும், அதைக் கண்டு ஏமாறக் கூடாது. வைரத்தோடு வரும் பைரோப்பின் நிறம் வேறு. நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம். மேல் தோல் ஆரஞ்சுப் பழத் தோல்போலச் சொரசொரப்பாக இருக்கும். சில மணிகளில் கரும்பச்சை நிறத்தில் ஒரு மேல் ஓடு பாதி ஒட்டிக்கொண்டிருக்கும். குரோம் டயோப்சைட் என்றால் உடைந்த பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு மாதிரி பளிச்சென்று கண்ணில் படும்.

அந்த ஓடு இன்னும் ஒட்டியிருந்தால், பச்சை மணி இன்னும் தேயாமல் இருந்தால், அது வெகுதூரம் உருண்டு வரவில்லை என்று அர்த்தம். தாய்ப்பாறை பக்கத்தில்தான். முதன்முதலாக அப்படி ஒரு மணியைப் பார்த்தபோது என் கை நடுங்கிவிட்டது. தூரிகையைக் கீழே வைத்துவிட்டு மேலதிகாரியைக் கூப்பிட்டேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்த ஒரு மணி எந்த மாதிரிப் பையில் இருந்தது, அந்தப் பை எந்த ஓடையிலிருந்து வந்தது என்று எழுதி வைப்பதுதான் மொத்த வேலையின் உயிர்.

நிறம் மட்டும் போதாது. 1970-களிலிருந்து ஜான் கர்னி என்ற தென்னாப்பிரிக்க அறிஞர் காட்டிய வழி இது: மணியின் வேதியியலை அளக்க வேண்டும். குரோமியம் அதிகமாகவும் கால்சியம் குறைவாகவும் உள்ள பைரோப்பை ஜி10 என்பார்கள். அது வைரம் நிலைத்திருக்கும் ஆழத்தில் பிறந்தது. ஆக, வண்டி வந்ததா என்பதோடு, வண்டி வைரம் இருக்கும் ஊர் வழியாக வந்ததா என்பதும் தெரிந்துவிடுகிறது.

இந்த வழியில் நடந்த தேடல்களில் மூன்றையாவது தெரிந்துகொள்ள வேண்டும். 1954-இல் லரிசா பொபுகாயேவா என்ற பெண் நிலவியலாளர், ஓர் உதவியாளரோடும் ஒரு நாயோடும் சைபீரியக் காட்டில் பைரோப் தடத்தைப் பிடித்து நடந்து, ஜர்னித்சா என்ற குழாயைக் கண்டார். சோவியத் நாட்டின் முதல் கிம்பர்லைட் அது. அடுத்த ஆண்டே மீர், உதாச்னயா என்ற பெரும் குழாய்கள் அகப்பட்டன.

போட்ஸ்வானாவில் நடந்தது பொறுமையின் கதை. 1955-இல் மொட்லௌட்சே ஆற்றில் சில வைரங்கள் கிடைத்தன. ஆற்றில் மேலே போனால் தடம் திடீரென்று அறுந்துவிட்டது. டி பியர்ஸ் நிறுவனத்தின் கேவின் லமோன்ட், நிலம் ஒரு காலத்தில் மேலெழும்பி ஆற்றின் தலைப்பகுதியைத் துண்டித்திருக்க வேண்டும் என்று யோசித்தார். நீர்ப்பிரிமேட்டைத் தாண்டி மேற்கே தேடச் சொன்னார். 12 ஆண்டுகள் கழித்து, 1967-இல் ஒராபா கிடைத்தது. நாடு விடுதலை பெற்று ஓராண்டுகூட ஆகவில்லை. பிறகு ஜ்வானெங். அங்கே பல பத்து மீட்டர் களகாரி மணல் மூடிக் கிடந்தது. ஈரம் தேடிக் கீழே போன கரையான்கள் கனிம மணிகளை மேலே கொண்டுவந்து புற்றில் வைத்திருந்தன. நம் ஊரில் புற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைப்பார்கள். அங்கே புற்று ஒரு நாட்டுக்கே சோறு போட்டது.

மூன்றாவது, கனடா. சக் ஃபிப்கி, ஸ்டூவர்ட் புளூசன் என்ற இருவர், பனியாறுகள் இழுத்துச் சிதறடித்த மணிகளின் தடத்தை 1980-கள் முழுவதும் கிழக்கு நோக்கித் துரத்தினார்கள். 1991-இல் லாக் டி க்ரா ஏரிப் பகுதியில் குழாய் அகப்பட்டது. 1998-இல் எகாட்டி சுரங்கம் திறந்தது.

தாவரமும் சில நேரம் சாட்சி சொல்லும். லைபீரியாவில் கிம்பர்லைட் மண்மேல் மட்டும் வளர்வதாகத் தோன்றும் ஒரு தாழை மரத்தைப் பற்றி ஸ்டீஃபன் ஹேகர்ட்டி 2015-இல் எழுதினார். நாசி லெமாக் சோற்றில் போடும் பாண்டான் இலையின் சொந்தக்கார மரம் அது.

நான்காம் படி: தரையைத் தொடாமல் நாடி பார்ப்பது

தடம் எங்கே நிற்கிறது என்று தெரிந்ததும் விமானத்தையோ ஹெலிகாப்டரையோ எடுத்துக்கொண்டு வயல் உழுவதுபோல நேர்கோடுகளில் பறப்பார்கள். காந்தப்புலம், ஈர்ப்பு, மின்கடத்தும் தன்மை மூன்றையும் அளப்பார்கள். கிம்பர்லைட் பெரும்பாலும் சுற்றியுள்ள பாறையிலிருந்து இவற்றில் வேறுபடும், வரைபடத்தில் வட்டமாக ஒரு பொட்டு விழும். அதிர்வு குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக டி பியர்ஸ் 2005 வாக்கில் போட்ஸ்வானாவில் செப்பலின் ஆகாயக் கப்பலையே வாடகைக்கு எடுத்துப் பறக்கவிட்டது.

பொட்டு எல்லாம் குழாய் இல்லை. குழாய் எல்லாம் பொட்டு போடுவதும் இல்லை. கனடாவில் பல குழாய்கள் ஏரிகளுக்கு அடியில் இருந்தன, ஏனென்றால் மென்மையான கிம்பர்லைட்டைப் பனியாறு சுலபமாகக் குடைந்துவிட்டது.

ஐந்தாம் படி: துளையிடுதல், நுண்வைரம்

இப்போதுதான் பாறையை நேரில் பார்க்கிறோம். துளைக்கருவி பொட்டின்மேல் இறங்கி, உருளை உருளையாகப் பாறையை வெளியே எடுக்கும். கிம்பர்லைட் என்று உறுதியானதும் அதில் வைரம் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். பாறையை எட்டு எட்டு கிலோவாக எடுத்து, காஸ்டிக் சோடாவோடு சூளையில் உருக்குவார்கள். பாறை கரைந்துவிடும், வைரம் கரையாது. மிச்சத்தைச் சல்லடையில் வடித்தால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள வைரங்கள்கூட அகப்படும்.

இவற்றை நுண்வைரம் என்பார்கள். நகைக்கு ஆகாது, கண்ணுக்கே தெரியாது. பல அளவுகளில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணி, அந்த வரிசை எப்படி ஏறுகிறது என்பதைக் கொண்டு பெரிய கற்கள் எவ்வளவு இருக்கலாம் என்று கணிக்கத்தான் அவை.

என் சித்தப்பாவிடம் காட்டிய சிற்றேடு இந்தப் படியில்தான் இருந்தது. "வைரம் உறுதி செய்யப்பட்டது" என்று பொன்னெழுத்து. பின்னிணைப்பின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில்: 160 கிலோ பாறையில் 4 நுண்வைரங்கள். அட்டையில் இருந்த படமோ பட்டை தீட்டிய ஒரு பெரிய கல். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. பின்னிணைப்பை அவருக்குப் படித்துச் சொல்ல அன்றைக்கு யாரும் பக்கத்தில் இல்லை. நான் அப்போது பெர்த்தில் இருந்தேன்.

ஆறாம் படி: பெருமாதிரி. இங்கேதான் பணம், இங்கேதான் உண்மை

தங்கத்தில் ஒரு கிராம் எங்கே எடுத்தாலும் ஒரு கிராம்தான். வைரத்தில் ஒவ்வொரு கல்லும் தனித்தனி விலை. அதனால் எத்தனை கேரட் என்பது பாதிக் கணக்கு, ஒரு கேரட் என்ன விலை என்பது மீதிப் பாதி. இரண்டையும் அறிய டன் கணக்கில் பாறை எடுக்க வேண்டும். முதலில் சில பத்து டன், பிறகு நூற்றுக்கணக்கில், பிறகு ஆயிரக்கணக்கில். நம்பத்தகுந்த விலை மதிப்பீட்டுக்குச் சில ஆயிரம் கேரட்டாவது கையில் சேர வேண்டும்.

எடுத்த பாறையை நொறுக்கி, ஃபெரோசிலிக்கான் தூள் கலந்த கனமான நீரில் போடுவார்கள். லேசானவை மிதக்கும், வைரமும் கன மணிகளும் மூழ்கும். மூழ்கியதை எக்ஸ்-கதிருக்கு அடியில் ஓடவிட்டால் வைரம் ஒளிரும், உடனே காற்று அதைத் தனியே தட்டிவிடும். 1890-களில் கிம்பர்லியில் கண்டுபிடித்த கிரீஸ் மேசையும் உண்டு. வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, கிரீஸ் ஒட்டும். மற்றக் கற்கள் தண்ணீரோடு ஓடிவிட, வைரம் மட்டும் கிரீஸில் பதிந்து நிற்கும். பூத்தோடு கழுவும்போது கவனித்தால் தெரியும், எண்ணெய்ப் பிசுக்கு முதலில் ஏறுவது வைரத்தில்தான்.

கணக்கு இப்படி. தரத்தை 100 டன்னுக்கு எத்தனை கேரட் என்று சொல்வார்கள். ஒரு கேரட் 0.2 கிராம். ஜ்வானெங் போன்ற பெருஞ்சுரங்கத்தில் 100 டன்னுக்கு நூறு கேரட்டைத் தாண்டும். நூறு என்றே வைத்துக்கொள்ளுங்கள், 100 டன் பாறையில் 20 கிராம் வைரம். ஐம்பது இலட்சத்தில் ஒரு பங்கு. இதுதான் உலகின் வளமான சுரங்கம்.

லெசோத்தோவின் லெட்செங் சுரங்கத்தில் 100 டன்னுக்கு 2 கேரட்கூடத் தேறாது. ஆனாலும் அது ஓடுகிறது, ஏனென்றால் அங்கே பெரிய, சுத்தமான கற்கள் கிடைக்கின்றன. சராசரி ஒரு கேரட் ஆயிரம் அமெரிக்க டாலருக்கு மேல் போகும். மறுபக்கம் ஆர்கைல். 2020-இல் மூடும்வரை 865 மில்லியன் கேரட்டுக்கு மேல் கொட்டியது. பெரும்பகுதி சிறிய, பழுப்புக் கற்கள், கேரட் விலை மிகக் குறைவு.

உதாரணத்துக்கு ஒரு குழாயில் 100 டன்னுக்கு 2 கேரட், கேரட் 1,500 டாலர் என்றால் ஒரு டன் பாறையின் மதிப்பு 30 டாலர். இன்னொன்றில் 60 கேரட், கேரட் 20 டாலர் என்றால் டன்னுக்கு 12 டாலர்தான். கேரட் எண்ணிக்கை முப்பது மடங்கு, மதிப்பு பாதிகூட இல்லை. ஆகவே யாராவது கேரட் எண்ணிக்கையை மட்டும் சொல்லி விலையைச் சொல்லாமல் விட்டால், பேச்சை அங்கேயே நிறுத்தி விலையைக் கேளுங்கள்.

மோசடி நுழைவதும் மாதிரியில்தான். நமக்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. கிழக்குக் காலிமந்தானில் புசாங் என்ற இடத்தில் தங்கம் குவிந்து கிடக்கிறது என்று ப்ரி-எக்ஸ் என்ற கனடா நிறுவனம் சொன்னது. 1997-இல் மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கம் தூவப்பட்டது வெளிப்பட்டு எல்லாம் சரிந்தது. அதன் பிறகுதான் கனடாவில் 43-101 என்ற அறிக்கை விதி வந்தது. பொறுப்பேற்கும் தகுதியுள்ள நிபுணர் ஒருவர் பெயர் போட்டு எழுதினால்தான் அறிக்கை செல்லும். ஆஸ்திரேலியாவில் ஜார்க் விதி, தென்னாப்பிரிக்காவில் சாம்ரெக். பைகளுக்கு முத்திரை, இரட்டைப் பூட்டு, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு எல்லாம் இதற்காகத்தான். ஆய்வகத்தில் நான் ஒரு பையைத் திறக்கும்போதுகூட முத்திரை எண்ணை இன்னொருவர் படிக்க, நான் எழுத, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம்.

ஏழாம் படி: சாத்திய ஆய்வு, பிறகு சுரங்கம்

பாறையின் அளவு, தரம், விலை மூன்றும் கையில் வந்ததும் பொறியாளர்களும் கணக்காளர்களும் உட்காருவார்கள். வழி, மின்சாரம், தண்ணீர், வரி, கழிவை எங்கே கொட்டுவது, கடைசியில் எப்படி மூடுவது. கழிவு சின்ன விஷயம் இல்லை. மூடிப் பல ஆண்டுகளான யாகர்ஸ்ஃபோன்டெய்னில் 2022 செப்டம்பரில் பழைய கழிவுச் சேற்றணை உடைந்து ஊருக்குள் பாய்ந்தது. புளூ ஜாகர் என்று ஆசையாகச் சொல்லும்போது அந்த ஊர் மக்களையும் நான் நினைத்துக்கொள்கிறேன்.

கண்டுபிடித்த நாளிலிருந்து சுரங்கம் திறக்க எவ்வளவு காலம்? ஒராபாவுக்கு 4 ஆண்டு, எகாட்டிக்கு 7. அங்கோலாவின் லுவேலே 2013-இல் கண்டறியப்பட்டு 2023 இறுதியில் திறந்தது. அதற்கு முந்தைய தேடல் காலம் இந்தக் கணக்கில் இல்லை.

கச்சா வைரத் தொழிலில் தேடலின் இடம்

தோண்டத் தோண்டச் சுரங்கம் தீரும். புதிதாகத் தேடாவிட்டால் தொழில் இருப்பதைத் தின்று முடிக்கும். 2005-இல் உலகம் 170 மில்லியன் கேரட்டுக்கு மேல் எடுத்தது. 2023-இல் சுமார் 111 மில்லியன்தான். ஆர்கைல் மூடிவிட்டது, கனடாவின் விக்டர் மூடிவிட்டது. அந்த இடங்களை நிரப்பும் அளவுக்குப் புதுக் குழாய்கள் வரவில்லை. ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தின் விலை சரிந்ததும், தேடலுக்குப் பணம் போடுபவர்கள் இன்னும் தயங்குகிறார்கள்.

யார் கையில் குழாய் இருக்கிறதோ அவர் கையில் விலை. டி பியர்ஸ் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி கச்சா வைர வணிகத்தில் சுமார் 80 விழுக்காட்டைக் கையில் வைத்திருந்தது. சைபீரியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்ததுதான் அந்தப் பிடியைத் தளர்த்தியது. போட்ஸ்வானா தன் குழாய்களைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசியதால், 2013-இல் டி பியர்ஸின் கச்சா விற்பனையே லண்டனிலிருந்து கபோரோனுக்கு இடம் மாறியது. ஆண்டுக்குப் பல முறை, தேர்ந்தெடுத்த வாங்குநர்களுக்குப் பெட்டி பெட்டியாக விற்பார்கள். அங்கிருந்து பெரும்பாலான கற்கள் சூரத்துக்குப் போய்ப் பட்டை தீட்டப்பட்டு, நம் கடைக்கு வருகின்றன.

கச்சா வைரம் நாடு விட்டு நாடு போக 2003 முதல் கிம்பர்லி நடைமுறைச் சான்றிதழ் வேண்டும், உடைக்க முடியாத முத்திரையிட்ட பெட்டி வேண்டும். மலேசியாவும் அதில் உறுப்பு நாடு. "ஆப்பிரிக்காவிலிருந்து நேராக வந்த கல்" என்று யாராவது சட்டைப்பையிலிருந்து சின்னப் பொட்டலத்தை எடுத்தால், சான்றிதழைக் கேளுங்கள். இல்லையென்றால் தொடக்கூட வேண்டாம்.

பங்கு வாங்கச் சொல்லி வந்தால் கேட்க வேண்டியவை

முதலில், எந்தப் படி? உரிமமா, மணியா, பொட்டா, நுண்வைரமா, பெருமாதிரியா? பெருமாதிரி என்றால் எத்தனை டன் பாறை, எத்தனை கேரட், கேரட் என்ன விலை, அந்த விலையை மதிப்பிட்டவர் யார்? அறிக்கை எந்த விதிப்படி, கையெழுத்துப் போட்ட நிபுணர் யார்? உத்தேச வளம் என்று எழுதியிருக்கிறதா, நிரூபிக்கப்பட்ட இருப்பு என்றா? இரண்டும் வெவ்வேறு. அப்புறம், விற்பவரின் பெயர் பங்குப் பத்திர ஆணையத்தின் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலிலோ மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலிலோ இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். பட்டியலில் இல்லை என்பது நற்சான்றிதழ் ஆகிவிடாது. பங்கு விற்க அவருக்கு அனுமதி இருக்கிறதா என்று ஆணையத்திடமே கேளுங்கள்.

போன மாதம் சித்தப்பா கடைக்கு வந்தார். கையில் இன்னொரு சிற்றேடு, இந்த முறை வேறு நாடு. நான் வாங்கிப் பார்ப்பதற்குள் அவரே பின்னிணைப்பைப் புரட்டிவிட்டார். "இதில் காந்தப்புல வரைபடம் மட்டும்தான்மா இருக்கு. நாலாவது படிதானே?" என்றார்.

"ஆமாம் சித்தப்பா."

சிற்றேட்டைப் பாதியாக மடித்து எங்கள் பழைய நாளிதழ்க் கட்டின்மேல் வைத்துவிட்டு, தேநீர் வாங்கி வரக் கிளம்பினார்.